அம்மாயி சொன்ன பழைய செபம்: முழுசாகத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மஸ்கெலியா பேத்தி

எங்கள் அம்மாயி இறந்து பதினேழு நாள் ஆகிறது. 87 வயது. இன்னும் பதின்மூன்று நாளில் முப்பதாம் நாள் பூசை. அதற்கு ஒரு நினைவு அட்டை அடிக்கிறோம். முன்பக்கம் அவர் படம், பின்பக்கம் ஒரு செபம். அந்தப் பின்பக்கத்தில்தான் வீட்டில் பேச்சு நிற்கிறது. அம்மாயி சொன்ன பழைய மங்கள வார்த்தை செபத்தைத்தான் (இப்போது "அருள் நிறைந்த மரியே" என்று சொல்வதன் பழைய வடிவம்) போட வேண்டும் என்கிறார் அம்மா. இப்போது கோயிலில் சொல்வதைப் போட்டால்தான் வருகிறவர்கள் சேர்ந்து சொல்வார்கள் என்கிறான் தம்பி. எனக்கு இரண்டும் சரியாகப் படுகிறது. ஆனால் பழையதைப் போடுவதென்றால் எங்களில் ஒருவருக்கும் அது முழுசாகத் தெரியாது. "பிரியதத்தத்தினாலே" என்று தொடங்கும், "ஆமென் சேசு" என்று முடியும். நடுவில் பாதி வரி காதில் இருக்கிறது, வாயில் வருவதில்லை.

அம்மாயியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1938இல் பிறந்தவர். பதினான்கு வயதில் பேர் பதிந்து கொழுந்துக்குப் போனார். 41 வருஷம் கூடை சுமந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை, எழுத்துக்கூட்டத் தெரியாது. எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கு மாதம் ஒரு முறைதான் சுவாமி (குருவானவர்) வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் சொல்லுவார். எழுபதுகளில் அந்த உபதேசியார் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாருமில்லை. ஒரு ஞாயிறு எல்லாரும் வாங்கில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாயி எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஐம்பத்துமூன்று மணிச் செபத்தைத் தொடங்கினாராம். அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் அவர்தான்.

மலையில் கொழுந்து பறிக்கும்போதும் செபமாலைதான். இரண்டு கையும் செடியில் இருக்கும்போது மணியை எப்படி உருட்டுவது? ஒரு கைக் கொழுந்து தோளுக்கு மேலால் கூடைக்குள் விழுந்தால் ஒரு அருள் நிறைந்த மரியே. பத்துக் கை விழுந்தால் ஒரு திரித்துவப் புகழ். இப்படித்தான் கணக்கு. வீட்டில் வைத்திருந்த செபமாலையில் மூன்றாவது பத்தில் ஒரு மணி உடைந்து போயிருந்தது. அந்த இடத்தில் தாத்தாவின் சட்டைப் பொத்தானைக் கோத்திருந்தார். வெள்ளைப் பொத்தான், நாலு துளை. கண் மூடியிருந்தாலும் விரல் அந்தப் பொத்தானைத் தொட்டதும் ஒரு நொடி நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. செபமாலை முடிந்ததும் அம்மாயி தன்னுடைய வேண்டுதல்களைச் சொல்லுவார். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, அவரே சேர்த்துக்கொண்டது. ஒரே வரிசையில், ஒரு சொல் மாறாமல், பத்து நிமிஷம் போகும். நாங்கள் பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிடுவோம். "கடல் தாண்டிப் போனவங்களுக்காக", "பேர் விழாதவங்களுக்காக" (அன்றைய முழுச் சம்பளம் பதியாதவர்களுக்காக) என்று இரண்டு துண்டு மட்டும் ஞாபகம். கடைசி இரண்டு வருஷம் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. போனில் ஒரு முறைகூட யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

வேண்டுதல் இனி கிடைக்காது என்று தெரியும். அந்தப் பழைய மங்கள வார்த்தையாவது முழுசாக யாராவது எழுதித் தாருங்கள்.

லிந்துலை மாஸ்டர்

மகள், அம்மாயியின் ஆத்துமா இளைப்பாறட்டும். நீங்கள் கேட்டது இதோ. என் தாயார் சொன்னபடியே எழுதுகிறேன்:

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க. கர்த்தர் உம்முடனே. ஸ்திரீகளுக்குள்ளே ஆசீர்வதிக்கப்பட்டவள் நீரே. உம்முடைய திருவயிற்றின் கனியாகிய சேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே. அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும். ஆமென் சேசு."

பிரியதத்தம் என்றால் பிரியத்தோடு கொடுக்கப்பட்டது. இன்றைக்கு அருள் என்கிறோமே, அதுதான். அர்ச்சியசிஷ்ட என்றால் புனித. சேசு என்பது இயேசு. இந்தப் பழைய செபங்களின் நடை சேசு சபைக் குருக்களின் மதுரை மிஷன் காலத்து வடமொழி கலந்த நடை. நம்முடைய பாட்டன் பூட்டன் திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து கால்நடையாகக் கண்டிச் சீமைக்கு வந்தபோது, மூட்டையில் என்ன இருந்ததோ இல்லையோ, கத்தோலிக்கர் வாயில் இந்தச் சொற்கள் இருந்தன. தமிழில் செபங்களை அச்சடித்தது அதற்கும் வெகு காலம் முந்தியது. தம்பிரான் வணக்கம் என்ற புத்தகம் கொல்லத்தில் அச்சானது 1578இல். ஆனால் உங்கள் அம்மாயி போன்றவர்களுக்கு அச்சு எதற்கு? காதால் வாங்கி வாயால் கொடுத்தார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதுவரை பூசை லத்தீனில். சுவாமி பீடத்தைப் பார்த்து நிற்பார், சனங்கள் வாங்கில் இருந்து செபமாலை சொல்லுவார்கள். அதற்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது, செபங்களின் தமிழும் எளிதாக்கப்பட்டது. "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்றது "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று ஆனது. கோயிலில் மாறியது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் மாறவில்லை.

ஹட்டன்காரன்

ஆழ்ந்த அனுதாபங்கள் தங்கச்சி. ஆனால் நான் உங்கள் தம்பி பக்கம். மாஸ்டர் கோபிக்கக் கூடாது.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மாஸ்டர் எழுதியதை அவனிடம் காட்டினேன். அர்ச்சியசிஷ்ட என்பதை வாசிக்கவே அவனுக்கு மூன்று தரம் ஆயிற்று. விளங்காத சொல்லை அட்டையில் போட்டால் சனம் அதைக் கையில் வாங்கி, மடித்து, புத்தகத்துக்குள் வைத்துவிடும். விளங்கும் சொல்லைப் போட்டால் அந்த இடத்திலேயே அம்மாயிக்காக ஒரு தரம் சொல்லுவார்கள். திருச்சபை மாற்றியது அதற்காகத்தானே? உங்கள் அம்மாயிக்கு வேண்டியது நம்முடைய செபம், பழைய சொல் அல்ல. என் அப்பாயியும் பழையதுதான் சொன்னார், எனக்கு அதன்மேல் ஆசையில்லாமல் இல்லை. ஆனால் செத்தவருக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுதான், அதை எல்லாரும் சேர்ந்து செய்யும்படி செய்யுங்கள்.

பண்டாரவளை அக்கா

நான் பழைய பக்கம். காரணம் சொல்லத் தெரியவில்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன்.

என் மாமியார் போகும்போது நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை. சுவாமி வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை பூசிவிட்டுப் போய்விட்டார். இரவு மூன்று மணி இருக்கும். நான் புதிய செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அசைவே இல்லை. என் நாத்தனார் வந்து காதோடு "சேசு மரி சூசை" என்றார். அப்புறம் "பிரியதத்தத்தினாலே" என்று தொடங்கினார். மாமியாரின் உதடு அசைந்தது. மரண நேரத்திலும் என்ற இடத்தில் நன்றாகவே அசைந்தது. அந்தச் சொல்லை எழுபது வருஷமாக ஒரு நாளைக்கு ஐம்பத்துமூன்று தரம் சொல்லி, அந்த நேரத்துக்காகத்தான் அவர் காத்திருந்தது போல இருந்தது.

தபசு காலத்தில் (உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பு நாட்களில்) அவர் கருப்பட்டியைக்கூடத் தொடமாட்டார், வெறும் தேயிலைச் சாயம்தான். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து வருகிறவர்களுக்குப் பெரிய சட்டியில் கஞ்சி வைப்பார். கத்தோலிக்கரா இல்லையா என்று பார்க்கமாட்டார், சட்டி காலியாகும்வரை ஊற்றுவார். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்குப் பாண் வாங்கிக் கொடுப்பார், கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். எங்கள் பக்கம் பதுளை மறைமாவட்டம் 1972இல் உண்டானது. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை தானே இங்கே முதல் ஆயராக வந்தார். பெரிய இடத்தை விட்டுவிட்டுச் சின்ன இடத்துக்கு வந்த ஆண்டகை என்று மாமியார் சாகும்வரை அவருக்காகவும் ஒரு பத்து சொன்னார்.

பேத்தி, உங்கள் அம்மாயியைப் பற்றி இன்னும் எழுதுங்களேன்.

மஸ்கெலியா பேத்தி

மாஸ்டர், ரொம்ப நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஸ்திரீகளுக்குள்ளே" என்ற இடத்தில் அழுதுவிட்டார். அம்மாயி அதை "இஸ்திரீகளுக்குள்ளே" என்று சொல்லுவார்.

அக்கா கேட்டதால் எழுதுகிறேன்.

அம்மாயிக்கு ஏழு பிள்ளைகள், ஐந்து பேர் தங்கினோம் என்று அம்மா சொல்லுவார். ஒருவர் சின்ன வயதில் காய்ச்சலில் போனார். இன்னொருவர் 1974இல். அந்த வருஷத்தை எங்கள் தோட்டத்தில் பஞ்ச வருஷம் என்றுதான் சொல்லுவார்கள். அரிசி இல்லை, மாவு இல்லை. மரவள்ளிக் கிழங்கும் கீரையும் அவித்துத் தின்றார்கள். அம்மாயி ஏழு மாதக் கர்ப்பத்தோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மழை நாளில் காம்பராவிலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை, உள்ளங்கை அளவுதான் இருந்ததாம். மருத்துவிச்சி முகத்தைப் பார்த்தே அம்மாயிக்கு விளங்கிவிட்டது. சுவாமி இருந்ததோ ஹட்டனில். பாதையில் மண் சரிந்து கிடந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உபதேசியார் சொல்லிக் கொடுத்தது அம்மாயிக்கு ஞாபகம் இருந்தது. படுத்த இடத்திலிருந்தே தேத்தண்ணிக் கோப்பையில் தண்ணீர் கேட்டு வாங்கி, பிள்ளையின் நெற்றியில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே என்று தானே சொல்லி முடித்தார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது, இஸ்தோப்புக்கு (வெளித் திண்ணைக்கு) அனுப்பிவிட்டார்கள். குழந்தைக்குப் பெயர் வைத்தாரா, வைத்திருந்தால் என்ன பெயர், எங்கே புதைத்தார்கள், ஒன்றும் தெரியாது. அம்மாயியிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய முகமாக அது இருந்ததில்லை. நவம்பர் 2ஆம் திகதி கல்லறைக்குப் போகும்போது எல்லாக் கல்லறைக்கும் வைத்து முடித்த பிறகு ஒரு மெழுகுவர்த்தியைத் தேயிலைச் செடி ஓரமாக வெறும் மண்ணில் வைப்பார். அதுதான் இடம் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

அம்மாயியின் தங்கச்சி 1972இல் இந்தியாவுக்குப் போனார். அம்மாயி போகவில்லை. நாடில்லாதவராகவே முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தார். 2003 சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜாவுரிமை. அடையாள அட்டைக்கு அலைந்தபோது பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், ஒரு தரமல்ல, மூன்று தரம். அறுபத்தைந்து வயதில் மலையிலிருந்து பஸ் பிடித்துப் போய் வரிசையில் நின்றவரிடம் ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் அவர் பெயர் கிடைத்தது. 1938, மாதம், நாள், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் நீல மையில். இந்த நாட்டில் அவர் பிறந்தார் என்பதற்கு இருந்த ஒரே எழுத்து அது. சுவாமி வாசித்துக் காட்டியபோது அந்த வரியில் விரலை வைத்துப் பார்த்தாராம். "என்னைய எழுதி வச்சிருக்காங்க" என்றாராம்.

லிந்துலை மாஸ்டர்

மகள், இதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளைகள் வாசிக்கும் இடம் என்பதால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர் நாம் நாடற்றவர் ஆனோம். அப்போது உங்கள் அம்மாயிக்குப் பத்து வயது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதென்று பேசினார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. ஒரு லயத்தில் அக்காள் இங்கே, தங்கச்சி அங்கே. அதனால்தான் "கடல் தாண்டிப் போனவங்களுக்காக" என்ற வேண்டுதல் உங்கள் அம்மாயியிடம் மட்டுமல்ல, அந்தக் காலத்து எத்தனையோ தாய்மார் வாயில் இருந்தது.

கூடலூர் மகன்

நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். கூடலூர். என் அம்மா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தலைமன்னார் வரை கோச்சி (ரயில்), அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. இங்கேயும் தேயிலைதான், அரசாங்கத் தோட்டம். இன்றைக்கும் எங்களைச் சிலோன்காரங்க என்றுதான் சொல்லுகிறார்கள்.

அம்மா கொண்டுவந்த தகரப் பெட்டியில் ஒரு மாதா படம், இரண்டு சேலை, ஒரு பித்தளைக் குவளை. செபத்தின் கடைசியில் அம்மாவுக்கும் ஒரு வேண்டுதல் உண்டு, "அங்கிட்டு நின்னுட்டவங்களுக்காக" என்று. அங்கே உங்கள் அம்மாயி போனவர்களுக்காகக் கேட்டார், இங்கே என் அம்மா நின்றவர்களுக்காகக் கேட்டார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரம், இரவு ஏழு மணி. சகோதரி, உங்கள் சின்ன அம்மாயி எந்த ஊருக்கு வந்தார் என்று தனிமடலில் சொல்லுங்கள். முடிந்தால் விசாரிக்கிறேன்.

அட்டை விஷயத்தில் இரண்டையும் போட்டுவிடுங்கள். மேலே பழையது, கீழே புதியது.

மன்னார்க் கடல்

நான் மலைநாட்டவள் இல்லை, திருமணமாகி நுவரெலியாவுக்கு வந்தவள். வந்த புதிதில் இங்கே கோயில்களில் சுவாமி மாதம் ஒரு முறைதான் வருவார் என்று கேட்டு ஆச்சரியப்பட்டேன். எங்கள் பக்கம் தபசு காலத்தில், சேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் ஓதும்போது கோயில் நிரம்பி வெளியில் மணலில் இருப்போம். அதை எழுதியவர் ஜாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. புனித யோசேவாஸ் அடிகளுக்குத் துணையாக வந்தவர்.

பேத்தி எழுதியதை வாசித்தபோது எனக்கு யோசேவாஸ் அடிகள்தான் நினைவுக்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கச் சமயத்தைத் தடைசெய்திருந்த காலம். 1687இல் கூலிக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். யார் கண் அந்த மணியில் நிற்கிறதோ அவர்கள் நம்மவர். அத்தனை வருஷம் சுவாமி இல்லாமல் அந்தச் சனங்கள் விசுவாசத்தைக் காத்தது வீட்டுக்குள் சொன்ன செபத்தால்தான். அடிகள் 1711இல் கண்டியில் இறந்தார், உங்கள் மலைநாட்டில்தான். உங்கள் அம்மாயி செய்தது அதே வேலைதான் தங்கச்சி. நான் மிகைப்படுத்தவில்லை.

மஸ்கெலியா பேத்தி

அக்கா, அம்மாயி 2015 சனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலுக்குப் போனார்! போப் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்திய அன்று. தோட்டத்திலிருந்து முதல் நாளே பஸ் போனது. 76 வயது, வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. போப்பாண்டவரைத் தூரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளிபோலத்தான் பார்த்தாராம், ஆனால் கடலை முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வந்து சொன்னது இதுதான்: "இவ்வளவு தண்ணியா நடுவுல இருக்கு." தங்கச்சியை நினைத்துச் சொன்னார்.

ஹட்டன்காரன்

தங்கச்சி, மேலே நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். கூடலூர் அண்ணன் சொன்னது சரி, இரண்டும் போடுங்கள். என் மகனுக்கு நேற்று இரவு பழையதைச் சொல்லிக் கொடுத்தேன். பிரியதத்தம் என்றால் பிரியத்தோடு கொடுத்தது என்று மாஸ்டர் எழுதியதை விளக்கினேன். சொல் விளங்கியதும் வாய்க்கு வந்துவிட்டது.

மாஸ்டரிடம் ஒரு கேள்வி. செபமாலையில் வியாழக்கிழமைக்குரிய ஒளியின் தேவ இரகசியங்களை என் அப்பாயி கடைசிவரை சொல்லவேயில்லை. சந்தோஷம், துக்கம், மகிமை மூன்றுதான். உங்கள் வீட்டில் எப்படி?

லிந்துலை மாஸ்டர்

தம்பி, அது போப் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (இரண்டாம் ஜான் பால்) 2002 ஒக்டோபரில் சேர்த்தது. என் தாயார் அதற்கு முன்பே போய்விட்டார். ஆனால் எங்கள் தோட்டத்தில் ஒரு கிழவி சுவாமியிடமே கேட்டார், "இத்தனை வருஷம் நான் சொன்னது கொறையா இருந்துச்சா சுவாமி?" என்று. சுவாமி அவர் கையைப் பிடித்து, "இல்லம்மா, நீங்கள் சொன்னது நிறைவாக இருந்தது, இது கூடுதல்" என்றார். அந்தச் சுவாமியை நான் மறக்கவில்லை.

பக்கத்துக் காம்பரா

இந்த இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானை வாசித்ததும் தெரிந்துவிட்டது. நாங்கள் உங்கள் அம்மாயிக்கு அடுத்த காம்பரா. நான் பிறந்தது அங்கேதான். இப்போது வத்தளையில் வேலை. அம்மாவும் அப்பாவும் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். சாவுக்கு வந்திருந்தேன், உங்களோடு பேச முடியவில்லை.

நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் லயத்துச் சுவர் கூரை வரை போகாதே. மேலே ஒரு முழம் திறந்துதானே கிடக்கும். எங்கள் வீட்டுப் புகை உங்களுக்கு, உங்கள் வீட்டுச் செபம் எங்களுக்கு. ஏழு மணிக்கு அம்மாயி தொடங்கினால் எங்கள் அம்மா ரேடியோவை நிறுத்திவிடுவார். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அந்த அரை மணி நேரம் நின்றுவிடும். தைப்பூசத்துக்கு அம்மாயி எங்கள் வீட்டுக்குப் பூப் பறித்துத் தருவார், நத்தாருக்கு எங்கள் அம்மா உங்கள் வீட்டில் முறுக்கு சுட உட்காருவார். நான் பிறந்த இரவு லொறி கிடைக்காமல் அம்மாவைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இரண்டு மைலும் கூடவே நடந்து வந்தவர் உங்கள் அம்மாயி. ஒரு கையில் லாம்பு, மற்றக் கையில் செபமாலை.

நீங்கள் வேண்டுதல் இனி கிடைக்காது என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்குப் போன் எடுத்து, உங்களுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "ஞாபகமா? முப்பது வருஷம் கேட்டேன்டா" என்றார். உடனே சொல்ல முடியாதாம். ஏழு மணிக்கு எடுக்கச் சொன்னார். அந்த நேரத்துக்குத்தான் வருமாம்.

பக்கத்துக் காம்பரா

எடுத்தேன். அம்மா சொன்னதை நிறுத்தாமல் பதிவு செய்தேன், உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இங்கே எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன், கடைசிப் பெயரைத் தவிர. மற்றபடி அம்மா சொன்னபடியே:

"சேசுவே, இன்னைக்கு மலைக்குப் போன எல்லாரும் வீடு திரும்பிட்டாங்க, அதுக்குத் தோத்திரம். பேர் விழாம அரைப்பேரோட வந்தவங்களுக்காக. குளவி கொட்டினவங்களுக்காக. கடல் தாண்டிப் போனவங்களுக்காக, எந்தங்கச்சிக்காக, அவ புள்ளைங்களுக்காக, அந்தப் புள்ளைங்க முகம் எனக்குத் தெரியாது, ஒனக்குத் தெரியும். கொழும்புல கடையில நிக்கிற பயலுங்களுக்காக, அவங்களுக்கு நேரத்துக்குச் சோறு கெடைக்கட்டும். குடிச்சிட்டு வாற ஆம்பளைங்களுக்காக, அவங்களுக்காகக் கதவத் தொறந்து வச்சிருக்கிற பொம்பளைங்களுக்காக. தொரைக்காக, கணக்கப்புள்ளைக்காக, அவங்க மனசுல எரக்கம் வரட்டும். அடுத்த காம்பராவுல இருக்கிறவங்களுக்காக, அவங்க சாமிய அவங்க கும்புடுறாங்க, நீ அவங்களையும் பாத்துக்க. உயிர்த்த ஞாயிறுல கோயில்லயே செத்துப்போனவங்களுக்காக. பேர் சொல்ல ஆளில்லாத ஆத்துமாக்களுக்காக. மூணு மணி நேரம் இருந்துட்டுப் போன எஞ்சூசைக்காக. ஆமென் சேசு."

2019 கோயில் குண்டுவெடிப்புக்குப் பிறகுதான் அந்த உயிர்த்த ஞாயிறு வரி வந்ததாம். மற்றதெல்லாம் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருந்ததாம். "அடுத்த காம்பரா" வரும்போது அம்மா சுவருக்கு இந்தப் பக்கம் கும்பிட்டுக்கொள்வாராம்.

பண்டாரவளை அக்கா

சூசை.

மஸ்கெலியா பேத்தி

என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. மன்னியுங்கள்.

பதிவை அம்மாவுக்கும் மாமாமாருக்கும் போட்டுக் காட்டினேன். எல்லாரும் கடைசி வரியில் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். ஐம்பது வருஷமாக யாருக்கும் தெரியாத பெயர் அடுத்த வீட்டில் இருந்திருக்கிறது. நாங்கள் தூங்கிய பிறகு சொன்ன வரி அது. மூத்த மாமாவுக்கு ஞானஸ்நானப் பெயர் ஜோசப், சூசை என்பதும் அதே பெயர்தான். அவர் அந்தக் குழந்தைக்குப் பிறகு பிறந்தவர். தனக்கு ஏன் அந்தப் பெயர் என்று இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிவிட்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நேற்று சுவாமியைப் பார்க்கப் போனோம். பூசைக் கருத்தில் அம்மாயி பெயரோடு அந்தப் பெயரையும் சேர்க்க முடியுமா என்று அம்மா கேட்டார். பதிவேட்டில் இல்லாத பெயர் என்று தயங்கித்தான் கேட்டார். தாயே கொடுத்த ஞானஸ்நானம் செல்லும், வாசிக்கிறேன் என்றார் சுவாமி. அதோடு, சாட்சி சொல்ல ஆளிருந்தால் பதிவேட்டிலும் எழுதலாமா என்று மேலே கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அட்டையின் பின்பக்கம் முடிவாகிவிட்டது. மேலே மாஸ்டர் எழுதித் தந்த பழையது, கீழே இப்போது சொல்லும் அருள் நிறைந்த மரியே. தம்பியே போய் அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். வேண்டுதலை அட்டையில் போடவில்லை. அது பூசை முடிந்து வீட்டில் செபமாலை சொல்லும்போது.

அடுத்த காம்பரா தம்பி, அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். அந்த வேண்டுதலை அவரே சொல்ல வேண்டும் என்று எங்கள் அம்மா ஆசைப்படுகிறார்.

பக்கத்துக் காம்பரா

கேட்டேன் அக்கா. சொல்லுகிறாராம். ஆனால் பூசைக்கும் வர வேண்டுமாம், முழங்கால் வலியால் கோயில் மேட்டில் ஏற முடியாது.

மஸ்கெலியா பேத்தி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லயத்து வாசலுக்கு வேன் வரும். அம்மாவை முன் சீட்டில் ஏற்றிக்கொள்கிறோம்.